ஆர்கன் மேல் இருந்த ஸ்கூட்டர் கண்ணாடி

நம் வீட்டுக் குழாயடிக்கு மேலே ஆணியில் தொங்குகிற வட்டக் கண்ணாடியைப் பற்றி எழுதத்தான் இந்த நோட்டை எடுத்தேன். உள்ளங்கையை விரித்தால் எவ்வளவோ அவ்வளவுதான் அது. பின்பக்கம் தகரம், சுற்றிலும் துரு, ஒரு ஓரத்தில் ரசம் போய்ப் பிறை மாதிரி கறுப்பாக இருக்கும். பெரியவளே, நெற்றி தெரிந்தால் முகவாய் தெரியவில்லை என்று காலேஜுக்குக் கிளம்பும்போதெல்லாம் நீ அதைத் திட்டுகிறாய். போன கிறிஸ்துமஸுக்குச் சின்னவன் தன் உண்டியல் காசில் ஒரு நீளக் கண்ணாடியே வாங்கி வந்தான். அதை அறையில் மாட்டினேன், இதைக் கழற்றவில்லை. “ஸ்கூட்டர் கண்ணாடில மூஞ்சி பாத்து ஷேவ் பண்ற ஒரே ஆளு எங்கப்பாதான்” என்று அவன் தன் சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது. சிரிக்க வேண்டியதுதான். அது ஸ்கூட்டர் கண்ணாடியேதான். ஆனால் நம் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் முப்பது வருஷத்துக்கு மேல் அது நம் சர்ச் ஆர்கன் மேல் இருந்தது.

போன மாதம் செவிலிமேட்டு அம்மாவை அடக்கம் செய்தோம். உங்கள் இரண்டு பேருக்கும் பள்ளிக்கூடச் சட்டை தைத்துக் கொடுத்தவர். அன்றைக்குப் பிரசங்கத்தில் ஆயர் ஐயா ஆர்கன் சாரைப் பற்றி ஒரு கதை சொன்னார். பெஞ்சு பெஞ்சாக எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பெரியவளே, நீயும் அழுதாய். வீட்டுக்கு வந்ததும், “நீ அவரு கூடவே இருந்தியேப்பா, எப்படிப்பட்ட மனுஷன் அவரு?” என்று கேட்டாய். மணிக்கயிறு நைந்துவிட்டது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று நான் வெளியே போய்விட்டேன். கயிறு நன்றாகத்தான் இருந்தது. ஆயர் சொன்ன கதையில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி பதினான்கு வருஷமாக என்னிடம் இருக்கிறது. அதைச் சொன்னால் வலிக்கக்கூடிய கடைசி ஆளும் போய்விட்டார். அதனால் இப்போது எழுதுகிறேன். நான் எட்டாவது வரைதான் படித்தவன், வாக்கியம் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் எல்லோரும் அவரை ஆர்கன் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். ஞானஸ்நானப் பெயர் கல்லறைக் கல்லில் மட்டும் இருக்கிறது. அவருடைய அப்பா வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருவர் வீட்டில் சமையல்காரர். அந்த வீட்டு ஹாலில் காலால் மிதித்து வாசிக்கிற ஆர்கன் ஒன்று இருந்ததாம். அப்பா அடுப்படியில் இருக்கும் நேரமெல்லாம் பிள்ளை அதன் அடியில் உட்கார்ந்து மிதிகட்டையைக் கையால் அமுக்கிக்கொண்டிருப்பானாம். ஊருக்குத் திரும்பிப் போகும்போது டாக்டரம்மா அந்த ஆர்கனைச் சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஆர்கன் பின்னாலேயே பிள்ளையும் சர்ச்சுக்குள் வந்துவிட்டார். பதினாறு வயதில் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவர், நான் வேலைக்கு வந்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார்.

வாரத்தில் ஆறு நாள் அவருக்கு வேறு வேலை. பட்டுச் சேலைக் கரைக்கு டிசைன் போடுவார்கள் இல்லையா, அதைக் கட்டம்போட்ட தாளில் பார்த்துப் பார்த்து, தறியின் ஜக்கார்டு பெட்டியில் மாட்டுகிற அட்டைகளில் ஓட்டை குத்த வேண்டும். ஒரு ஓட்டை தவறினால் மயில் கழுத்து முறிந்துவிடும். “ஆறு நாளு ஓட்டை போடறேன், ஏழாவது நாளு ஓட்டைல காத்து வுடறேன்” என்று தன் பிழைப்பை அவரே கிண்டல் செய்வார். செருப்பை ஆர்கனுக்குப் பக்கத்தில் ஜோடியாக வைத்துவிட்டு வெறும் காலோடுதான் மிதிப்பார். மழைக்காலத்தில் ஈரம் ஏறிக் கட்டைகள் எழும்பாமல் ஒட்டிக்கொள்ளும் என்று பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிடுவார். ஐப்பசி, கார்த்திகையில் காலையில் கதவைத் திறந்தால், ஆர்கனின் இடுக்குகளில் மஞ்சள் வெளிச்சம் கசிந்துகொண்டிருக்கும். உள்ளே யாரோ குடியிருக்கிற மாதிரி தெரியும்.

கண்ணாடி வந்த கதையை அவரே எனக்குச் சொன்னார். ஆர்கன் சுவரைப் பார்த்து இருக்கிறது, வாசிப்பவருக்கு வாசல் முதுகுப் பக்கம். அவருக்குக் கல்யாணம் வந்தபோது பெண் உள்ளே வரும் பாட்டை வாசிக்க வேறு ஆள் இல்லை. மாப்பிள்ளையே கோட்டுப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆனால் வருகிற பெண்ணைப் பார்க்கவும் வேண்டும். முதல் நாள் சாயங்காலம் தன் ஸ்கூட்டரின் வலது கண்ணாடியைக் கழற்றி ஆர்கன் மேல் முடுக்கிவிட்டார். மறுநாள் அந்த உள்ளங்கை அகலத்துக்குள் அவர் மனைவி வாசற்படியில் காலை வைத்து, நடுப்பாதையில் நடந்து, பெரிதாகிப் பெரிதாகி வந்தார். பாட்டை முடித்துவிட்டு மாப்பிள்ளை எழுந்து ஓடிப்போய் முன்னால் நின்றாராம். அந்த ஸ்கூட்டர் கடைசி வரை ஒற்றைக் கண்ணாடியோடுதான் ஓடியது.

நான் வருவதற்கு முன்பே அந்த அம்மா இறந்துவிட்டார். பிள்ளை இல்லை. அவருடைய அடக்கத்துக்கும் சாரேதான் வாசித்தார். எப்படி முடிந்தது சார் என்று ஒருமுறை கேட்டேன். “கண்ண தொடைக்க கை வேணும்லப்பா. ரெண்டு கையும் வேலையா இருந்துது, அதனால அழல” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான்தான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் தென்னேரிக்காரன் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டதால் அங்கே எனக்கு வாசல் மூடிப்போயிற்று. சர்ச்சில் மணி அடிக்க, பெருக்க, கேட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றபோது, எனக்காகக் கமிட்டியில் பேசியவர் சார்தான். வேலையோடு இந்த குவார்ட்டர்ஸும் வந்தது. அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. “வா பா தென்னேரி” என்பார். “ஏரில இந்த வருஷம் தண்ணி இருக்குதா?” என்று கேட்பார். நான் ஊருக்கே போவதில்லை என்று தெரிந்தும் கேட்பார். யாராவது ஒருத்தர் எனக்கு ஊர் ஒன்று இருப்பதாக நினைத்துப் பேசுவது அப்போது எனக்கு வேண்டியிருந்தது.

ஒருநாள் ஒட்டடை அடித்தபோது துடைப்பக்குச்சி பட்டுக் கண்ணாடி மேல்பக்கமாகத் திரும்பிவிட்டது. நான் கவனிக்கவில்லை. மூன்று ஞாயிறு கழித்துப் பார்க்கிறேன், கண்ணாடியில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நடுவில் ஒரு கல்யாணமும் நடந்திருந்தது. தயங்கித் தயங்கி அவரிடம் சொன்னேன். “அப்போ மூணு வாரமா ஃபேனுதான் கல்யாணப் பொண்ணா?” என்றார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போய்விட்டது, டாக்டர் கைவிரித்துவிட்டார். முதலில் ஓரங்கள் போயின, அப்புறம் கட்டத்தாளில் கட்டங்கள் அழிந்தன. இப்போது வெளிச்சம் இருக்கிறது, ஆள் அசைவது தெரிகிறது, அவ்வளவுதான். அட்டை வேலையை விட்டதற்கு வயதாகிவிட்டது என்று காரணம் சொல்லியிருந்தார். வீட்டிலிருந்து சர்ச்சுக்கு எத்தனை அடி என்று அவர் காலுக்குத் தெரியும். பாட்டுப் புத்தகத்தில் எந்த எண் சொன்னாலும் விரல் தானாகப் போகும். “யாருக்கும் சொல்லிடாத பா. பாவம்னு சொல்லி உக்கார வெச்சிடுவாங்க. இந்த ஸ்டூல வுட்டா எனக்கு வேற எடம் இல்ல” என்றார்.

அன்றிலிருந்து நான் அவருக்குக் கண்ணாடியானேன். ஆயர் கொடுக்கும் சீட்டில் உள்ள எண்களைச் சனிக்கிழமையே அவரிடம் படித்துக் காட்டிவிடுவேன். வாசலில் வருவது யார் என்று தெரிந்துகொள்ள ஒரு வழியை அவரே கண்டுபிடித்தார். முறுக்கிய பட்டு இழை ஒன்றைப் போர்ட்டிகோ ஜன்னலிலிருந்து சுவர் ஓரமாகவே சின்னக் கொக்கிகளில் மாட்டி ஆர்கன் வரைக்கும் கொண்டுபோனோம். சுவரின் நிறத்திலேயே சாயம் போட்ட இழை, பக்கத்தில் போனால்கூடத் தெரியாது. அந்த முனையில், ஜக்கார்டில் இழையை விறைப்பாக வைக்கத் தொங்கவிடும் ஈயக் குண்டு ஒன்றைக் கட்டி அவர் முழங்காலுக்கு மேலே தொங்கவிட்டோம். நான் இங்கே இழுத்துவிட்டால் அங்கே அது எழும்பி இறங்கி முழங்காலில் தட்டும். ஒரு இழுப்பு என்றால் சவப்பெட்டி படிக்கு வந்துவிட்டது. இரண்டு என்றால் கல்யாணப் பெண். மூன்று என்றால் நிறுத்து. முதல் தடவை நான் இழுத்த இழுப்பில் குண்டு ஆர்கன் மூடியில் மோதி ‘டங்’ என்றது. “மாடு ஓட்றாப்ல இழுக்காத பா தென்னேரி, இது பட்டு, தாம்புக்கயிறு இல்ல” என்று சிரித்தார். அப்புறம் ஒரே ஒரு சட்டம் வைத்தார். “வண்டிய பாத்து இழுக்காத. காலு படியில பட்டப்பறம் இழு.” நான்கு வருஷம் அப்படியே நடந்தது. பேருக்கு அந்தக் கண்ணாடியும் அவர் முன்னால் இருந்தது. தினமும் துடைத்து வைப்பேன்.

இனி எழுதப்போவதை மூன்று நாளாக ஒத்திப்போட்டு வந்தேன்.

வைகாசி மாதம். சின்னவனே, நீ உன் அம்மா வயிற்றில் ஒன்பது மாதம். ஊரில் கருட சேவை, பாதித் தெருக்களை அடைத்துவிட்டிருந்தார்கள். சர்ச்சில் காலை பத்து மணிக்கு ஒரு கல்யாணம், சபையில் செல்வாக்கான குடும்பம். சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு அடக்கம். அது செவிலிமேட்டு அம்மாவின் ஒரே பெண்ணுடையது. இருபத்து நாலு வயது. ஆவணியில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். காய்ச்சல் என்று சென்னை ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்றாம் நாள் போய்விட்டாள். புருஷன் இல்லாமல் ஒற்றை மிஷினில் தைத்து வளர்த்த பெண்.

பத்து மணிக்கு வர வேண்டிய மணப்பெண் பத்தரைக்கும் வரவில்லை. கார் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது என்று போன் வந்தபடி இருந்தது. மாப்பிள்ளையின் மாமா ஒருவர் என் தோளுக்குப் பின்னாலேயே நின்றார். வண்டி வந்ததும் பாட்டு கேட்க வேண்டும், வீடியோ எடுக்கிறவன் தயாராக நிற்கிறான், தூங்கிவிடாதே என்று நூறு தடவை சொல்லியிருப்பார். நான் ஜன்னலோரம் இழையை உள்ளங்கைக்குள் மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் தரையிலிருந்து எழும்பி முகத்தில் அடித்தது. கேட்டில் வெள்ளையாக ஒரு வண்டி திரும்பியது. முன்னால் ரோஜாவும் மல்லியுமாகப் பூ. கண்ணாடியில் வெயில் பட்டு உள்ளே யார் என்று தெரியவில்லை. “வந்துடுச்சு, வந்துடுச்சு” என்று மாமா என் முதுகில் தட்டினார். நான் இரண்டு தடவை இழுத்தேன்.

கால் படியில் படவில்லை. வண்டிக் கதவுகூடத் திறக்கவில்லை. நான் வண்டியைப் பார்த்து இழுத்துவிட்டேன்.

ஆர்கன் பொங்கி எழுந்தது. பெஞ்சுகளில் எல்லோரும் சிரித்த முகத்தோடு எழுந்து திரும்பி நின்றார்கள். அப்போது வண்டியின் பின்கதவைத் திறந்து பெட்டியை வெளியே இழுத்தார்கள். சென்னையிலிருந்து வீட்டுக்குப் போக வேண்டிய வண்டி. செவிலிமேட்டுக்குப் போகிற வழியெல்லாம் அடைத்திருக்கிறது, இனி சாயங்காலம்தான் திறப்போம் என்று போலீஸ்காரர் சொல்லியிருக்கிறார். டிரைவர் நேரே சர்ச்சுக்கு ஓட்டிவிட்டார். அந்த அம்மா இறங்கினார். கசங்கிய நூல் சேலை, ஒரு கை பெட்டியின் மேல். பாட்டு அவர் மேல் மோதியது. அப்படியே நின்று, சர்ச்சுக்குள் பார்த்தார். அந்த முகத்தை நான் பார்த்தேன். எனக்கு அப்போது அது புரியவில்லை, பார்க்க முடியாமல் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். இழை என் விரலில்தான் இருந்தது. மூன்று இழுப்பு இழுத்திருந்தால் சார் அடுத்த நொடியே நிறுத்தியிருப்பார். கை அசையவில்லை. எதனால் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பெட்டியைத் தூக்கியவர்கள் தெரியாமல் படி வரைக்கும் வந்துவிட்டார்கள். ஆயர் பீடத்திலிருந்து நடந்துபோய் சாரின் தோளைத் தொடும் வரைக்கும் ஆர்கன் வாசித்துக்கொண்டே இருந்தது. வழக்கம்போல நன்றாக வாசித்துக்கொண்டிருந்தார்.

பெட்டியைப் பக்கத்து அறையில் வைத்தோம். மாப்பிள்ளை வீட்டார் போர்ட்டிகோவில் கூடிவிட்டார்கள். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் இப்படியா என்று மாமா கத்தினார். வண்டி வந்துவிட்டது என்று தான் சொன்னது அவருக்கு நினைவில்லை. சபைச் செயலாளர் சாரை வெளியே வரச்சொன்னார். “எதிர்ல கண்ணாடி மாட்டிக்கினுதானே உக்காந்துக்கினு இருக்கீங்க? அது எதுக்கு சார், அழகுக்கா?” என்று கேட்டார். சார் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். சரியாகத் திரும்பவில்லை, ஒரு சாண் தள்ளித் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பாத்தேன். கண்ணாடில பூ தெரிஞ்சுது. பொண்ணுன்னு நெனச்சி ஆரம்பிச்சிட்டேன். தப்பு என்னுதுதான்.”

நாலு முழத் தூரத்தில் நான் நின்றேன். இழை என் கையில் வெட்டியிருந்த கோடு சிவப்பாக இருந்தது. அவரால் எதையும் பார்க்க முடியாது என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இழுத்தது யார் என்று தெரிந்தவனும் நான் ஒருவன்தான். வாயைத் திறக்கவில்லை. அவரை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். கல்யாணப் பெண் வந்தபோது பாட்டு இல்லை. சாயங்காலம் அடக்கத்துக்கும் ஆர்கன் இல்லை.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். கமிட்டியில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் மெதுவாக டீ ஆற்றிக்கொண்டிருந்தார். “சொல்லி? வேலய வுட்டு எடுப்பாங்க. வயித்துப் புள்ளக்காரிய கூட்டிக்கினு எங்க போவ, தென்னேரிக்கா?” என்று கேட்டார். “எங்கண்ணு எப்படியும் ஒருநாள் வெளில தெரியும். குருடன் போனான்னு வேணாம் பா. வயசான ஆளு, ஒரு தப்பு பண்ணிட்டான், போனான்னு இருக்கட்டும். அது கொஞ்சம் மரியாதையா இருக்குது.” அடுத்த வாரம் சால்வை போர்த்தி அவரை அனுப்பி வைத்தார்கள். சால்வை போர்த்திய அன்று அவரே கொக்கி கொக்கியாகத் தடவி இழையைக் கழற்றி ஒரு சின்னக் கட்டையில் சுற்றினார். கண்ணாடியின் திருகை விரலால் தேடிக் கழற்றி என் கையில் வைத்தார். “ஷேவிங்குக்கு ஆவும், வெச்சிக்கோ” என்றார்.

அந்த மாதக் கடைசியில் சின்னவன் பிறந்தான். இந்த குவார்ட்டர்ஸில்தான். இதை எழுதுவது உன் தலையில் எதையும் ஏற்றுவதற்கு இல்லையடா. நீ பிறக்கக் காத்திருந்த பிள்ளை, அவ்வளவுதான். பயந்தவன் நான்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கீபோர்டு வாசிக்க ஒரு பையன் வந்தான். நன்றாகவே வாசித்தான், அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாட்டு நடக்கும்போது சாரின் கால்கள் பெஞ்சுக்கு அடியில், வெறும் தரையில், மாறி மாறி மிதித்துக்கொண்டிருக்கும். சில இளவட்டங்கள் அவர் போகும்போது அந்தக் கல்யாணப் பாட்டை வாய்க்குள் முனகுவார்கள். கல்யாணப்பாட்டு சார் என்று ஒரு பெயரும் வைத்தார்கள். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். குடையை ஊன்றி அடியை எண்ணிக்கொண்டு போவார்.

அதைவிட எனக்கு வேறொன்றுதான் பெரிய தண்டனை. ஆராதனை முடிந்ததும் எல்லோரும் போகும் வரைக்கும் உட்கார்ந்திருப்பார். நான் பக்கத்தில் போனதும் மெல்லக் கேட்பார்: “அந்த செவிலிமேட்டு அம்மா போயாச்சா பா?” போய்விட்டார் சார் என்று சொன்ன பிறகுதான் எழுந்திருப்பார். பெற்றவள் வயிறு எரிய அந்தப் பாட்டை வாசித்துவிட்டோமே என்று அவருக்குள் ஒரு வேக்காடு. எந்த முகத்தோடு அவர் எதிரில் நிற்பது என்று பயம். அந்த அம்மாவும் ஆசீர்வாதம் முடிந்ததோ இல்லையோ, பக்கக் கதவு வழியாக வேகமாகப் போய்விடுவார். கோபம் தீரவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். இரண்டு வருஷம், ஒவ்வொரு ஞாயிறும் அதே கேள்வி, அதே பதில். ஒரு தடவை செவிலிமேட்டுக்கு டவுன் பஸ் ஏறிப் போய், இழுத்தவன் நான் அம்மா, அவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். பஸ் கேட்டுக்கு எதிரிலேயே நிற்கிறது. நான் ஏறவில்லை.

மழைக்காலத்தில் போனார். மனைவிக்குப் பக்கத்தில் வைத்தோம். கீபோர்டு பையன் வெளியூர் போயிருந்ததால் வெறும் வாயால் பாடினார்கள், சுருதி எங்கெங்கோ போயிற்று. மணி அடித்த என் கை, ஒவ்வொரு அடிக்கும் நடுவில் சுவரில் இல்லாத இழையைத் தேடியது.

அடுத்த வைகாசியில் அந்த அம்மா தன் பெண்ணின் கல்லறைக்கு மல்லிகைச் சரம் கொண்டுவந்தார். பாதியைக் கிள்ளிக் கையில் வைத்துக்கொண்டு, ஆர்கன் சாரை எங்கே வைத்திருக்கிறது என்று என்னைக் கேட்டார். காட்டினேன். பூவை வைத்துவிட்டுக் கல்லைத் தொட்டபடி பேசினார்.

“சின்னதுலருந்து எம்பொண்ணு சொல்லிக்கினே இருப்பா. மத்ததுலாம் எப்படி வேணா இருக்கட்டும்மா, சாரு அந்தப் பாட்டு வாசிக்க நான் உள்ள வரணும்னு. வண்டிய வுட்டு எறங்கறேன், அந்தப் பாட்டு. எம்பொண்ணுக்கு வாசிக்கறாருன்னு நெனச்சேன். இத்தினி பேர்ல அவரு ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்குதேன்னு நெனச்சேன்.” சேலை முந்தியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எம்பொண்ணாலதான் அவரு வேல போச்சுன்னு எனக்கு மூஞ்சி குடுக்கவே முடியல. ஒவ்வொரு வாரமும் சொல்லணும்னு வருவேன், பயந்துக்கினு ஓடிடுவேன். ஏம்பா, நீ கூடவே இருந்தவன். அவரு தெரிஞ்சிதானே வாசிச்சாரு?”

பிள்ளைகளே, அந்த நிமிஷத்தை நான் இன்னும் தாண்டி வரவில்லை. உண்மையைச் சொன்னால் சாரின் பெயர் சுத்தமாகும். ஆனால் அந்தத் தாயிடம் மிச்சம் இருந்த ஒன்று போய்விடும். அவர் மகளுக்கு யாரும் வாசிக்கவில்லை, கூட்டத்தில் ஒருத்தன் அவசரப்பட்டு நூலை இழுத்தான் என்று ஆகிவிடும். பேச வேண்டிய நாளில் பேசாதவனுக்கு, பேசக்கூடாத நாளில் உண்மை தொண்டை வரைக்கும் வந்து நிற்கிறது.

“ஆமாம்மா. தெரிஞ்சிதான் வாசிச்சாரு” என்றேன்.

அவர் அதை ஊரெல்லாம் சொன்னார். சட்டை தைக்க வந்தவர்களிடம் சொன்னார், பெண்கள் கூடுகையில் எழுந்து நின்று சொன்னார். கல்யாணப்பாட்டு சார் என்று கேலி செய்த வாய்களே அதே பெயரை மரியாதையாகச் சொல்ல ஆரம்பித்தன. கடைசியில் அது பிரசங்கமாகி, போன மாதம் அந்த அம்மாவின் பெட்டிக்கு முன்னால் ஆயர் வாயிலிருந்தே வந்தது. தன் வேலை போகும் என்று தெரிந்தும் ஒரு ஏழைப் பெண்ணுக்காக வாசித்தார் என்றார். போர்ட்டிகோவில் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் கேட்டேன். பொய் என்று சொல்லவும் மனம் வரவில்லை. அவர் தன் வேலையைக் கொடுத்தது நிஜம்தான். யாருக்காகக் கொடுத்தார் என்பதில்தான் ஆயர் ஆளை மாற்றிவிட்டார். அந்தப் பெண்ணுக்காக இல்லை, எனக்காக.

இதில் என் நெஞ்சு ஆறாத இடம் ஒன்றே ஒன்றுதான். இரண்டு வருஷம் அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எந்த அம்மாவுக்குப் பயந்து ஒளிந்தாரோ, அந்த அம்மா அவருக்கு நன்றி சொல்ல வார்த்தையைத் தேடிக்கொண்டு பக்கக் கதவு வழியாக ஓடிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் நின்றேன், “போயிட்டாங்க சார்” என்று சொல்லிக்கொண்டு. நான் போய்ச் சொல்லியிருந்தால் அந்த அம்மாவுக்கு வலித்திருக்கும், ஆனால் அவர் சாரைத் தேடி வந்திருப்பார். சார் அந்தக் குரலைக் கேட்டிருப்பார். கேட்காமலே போய்விட்டார்.

இதை வெளியே யாரிடமும் சொல்ல வேண்டாம். ஊர் அவரைப் பற்றி நல்லதாக ஒரு கதை வைத்திருக்கிறது, இருக்கட்டும். உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும். நீங்கள் வளர்ந்த இந்த இரண்டு அறையும் அவர் எழுந்துகொடுத்த அந்த ஸ்டூல்தான்.

பெரியவளே, நாளைக்குத் தலை வாரும்போது அந்தக் கண்ணாடியைத் திட்டாதே. ஒருத்தி படியில் கால் வைத்து நடந்து வருவதைப் பார்ப்பதற்காக ஒருவர் ஆசையாக மாட்டியது அது. கடைசி நான்கு வருஷம் அவர் அதில் எதையும் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று ஒரே ஒரு தடவை சொன்னார். நான் தினமும் காலையில் அதன் முன்னால் நிற்கிறேன். எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது.